பதினேழாம் நம்பர் விருந்து

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஏழு மாதமாக இந்த வீட்டு நம்பர் எதையும் நீங்கள் எடுத்ததில்லை. ஆனால் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கிப்போடும் ஆள் நீங்கள் இல்லை. உறை நன்றாக இருக்கிறதே என்றாவது பிரித்துப் பார்ப்பீர்கள். அதற்காகவே இந்த உறையைத் தேடிப் பிடித்து வாங்கினேன்.

செப்டம்பர் 28-ஆம் தேதி மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு பேருக்கு மதிய விருந்து வைக்கலாம் என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நீங்கள் போய் வாசல் முதல் சாப்பாட்டு மேஜை வரை அலங்கரித்துக் கொடுக்கிறீர்கள். சொந்த அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு இங்கே மேஜை வெறுமனே கிடக்கப் போகிறது. அத்தை வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

வருஷக் கடைசி விருந்தில் நடந்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. மூன்று பெட்டி சாமானோடு வந்து ஒரு நாள் முழுக்க நின்று நீங்கள் போட்ட மேஜை அது. மாமா உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் பழரசம் கொட்டியது. தட்டு நகர்ந்து கீழே விழுந்தது. "வீட்டைக் கடையாக்கி வெச்சிருக்கே, மனுஷன் சாப்பிடற இடமா இது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனார். நீங்கள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். நானும் தடுக்கவில்லை. அது என் தப்பு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு மேஜையில் நீங்கள் வைத்தது எல்லாமே வெள்ளையா? தட்டு, துணி, டம்ளர் எல்லாமே?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 11

தம்பி மனைவிக்கு,

உறை நல்லாத்தான் இருந்தது. உள்ளே இருந்ததுதான் நல்லா இல்ல.

ஆமா, எல்லாமே வெள்ளை. அதுல உனக்கு என்ன சந்தேகம்? பனிக்காலம்னு பேர் வெச்சுப் போட்ட மேஜை அது. வெள்ளை விரிப்பு, அது மேல வெள்ளைச் சரிகை, வெள்ளைப் பீங்கான், நிறமே இல்லாத கண்ணாடி டம்ளர், நடுவுல வெள்ளை மெழுகுவத்தி இருபத்தஞ்சு. வெள்ளையில மட்டும் பதினொரு சாயல் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அந்தப் பதினொன்னையும் ஒரே மேஜையில ஒண்ணோட ஒண்ணு முட்டாம உக்கார வெக்கறது சாதாரண வேலை இல்ல. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினாலு வருஷத்துல போட்ட மேஜைகள்ல அதுதான் ஒண்ணாம் நம்பர்னு இன்னிக்கும் சொல்வேன். யார் வேணா வரட்டும், சொல்வேன்.

அதை எங்கப்பா ரெண்டு நிமிஷத்துல கவுத்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். ஒரு சைக்கிளைக்கூட உரசினதில்லன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவார். அப்படிப்பட்டவர் கை தெரியாமப் பட்டு டம்ளரைத் தட்டிவிட்டார்னு நான் நம்பணுமா? வேணும்னுதான் தட்டினார். என் வேலையை அவர் என்னிக்கும் வேலையா நினைச்சதில்ல. "துணி மடிக்கறதுக்கு ஒரு படிப்பா"ன்னு நான் சேர்ந்த முதல் நாளே கேட்டவர்.

நீ எதுக்கு சமாதானத் தூது வர்றேன்னும் எனக்குப் புரியல. அன்னிக்குக் கதவோரம் கையைக் கட்டிக்கிட்டுத்தானே நின்னே.

28-ஆம் தேதி எனக்கு இங்கே முந்நூறு பேர் கல்யாண மண்டபம். வர முடியாது. முடிஞ்சாலும் வர மாட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் என் வாழ்த்தைச் சொல்லு.


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திட்டியதெல்லாம் சரி. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் நிஜம்தான். நான் ஏன் நின்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாமா உங்களைத் திட்டியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். என்னை மட்டும்தான் மாமாவுக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். பெற்ற மகளையும் விட்டுவைக்கவில்லையே என்று ஒரு ஆறுதல்.

ஏனென்றால் ஒரு வருஷமாக நான் சமைப்பதில் பாதியை அவர் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார். சோறு, உருளைக்கிழங்கு மசியல், இடியாப்பம், எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் தொடாமல் கிடக்கும். உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். அத்தையைச் சமைக்கச் சொல்லிவிட்டு நான் சமைத்ததாகச் சொன்னேன். அதுவும் பாதி. போன மாதம் வெள்ளைத் தட்டுகள் எல்லாம் கழுவாமல் கிடந்த அன்று, பழைய நீலத் தட்டு ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். துடைத்து வைத்தது போல் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளைத் தட்டு. பாதி கிடந்தது. அதற்கு மறுநாள் நீலம். காலி. ஒரு வாரம் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தேன். அண்ணி, அவர் விட்டது சோறு பிடிக்காமல் இல்லை. அங்கே சோறு இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. காபி ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்கிறார். சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார். கேட்டால் "பூச்சு உதிருதான்னு பாக்கறேன்" என்கிறார். வாசல் படியில் இறங்கும்போது யாராவது கூட வந்தால் பேச்சுக் கொடுத்து நிறுத்தி, அவர்களை முதலில் இறங்க விடுகிறார். நாம் எல்லாரும் அதை மரியாதை என்று நினைத்தோம்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்த பாட்டிலை நான் தினம் பத்துப் பேருக்காவது எடுத்துக் கொடுக்கிறேன். மூடியைப் பார்த்தாலே போதும். அத்தையிடம் கேட்டேன். முதலில் மறுத்தார்கள், பிறகு அழுதார்கள். கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதாம். போன பார்வை திரும்பாது. மருந்து விட்டால் இருப்பது இருக்கும். டாக்டரிடம் போய்வருவது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருக்கிறார். ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவருக்குக் கண் தெரியவில்லை என்று ஊர் பேசக் கூடாதாம்.

நீங்கள் போட்ட மேஜை ஒன்றாம் நம்பர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு அது ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 20

மருந்துக்காரிக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் ஆச்சு. பதில் எழுத உக்காந்து மூணு தாளைக் கிழிச்சேன்.

இருபத்தஞ்சு மெழுகுவத்தி ஏத்தினேன். ஒவ்வொண்ணும் அவர் கண்ணுல ஊசி மாதிரி குத்தியிருக்கும். கண்ணாடி டம்ளரை அவர் கைக்கு எட்டற தூரத்துல, எங்கே இருக்குன்னே தெரியாத மாதிரி வெச்சேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? ஒரு ஹாலுக்குள்ள நுழைஞ்சா எந்த நாற்காலி கால் ஆடுதுன்னு பாக்காமலே சொல்வேன். எங்கப்பா முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியல.

சரி, விடு. அழுதா வேலை நடக்காது.

சாப்பாட்டு மேஜையோட நீளம், அகலம், உயரம் வேணும். அப்பா படுக்கற ரூம் கதவுலேர்ந்து மேஜை வரைக்கும் எத்தனை அடி, நடுவுல என்ன சாமான் கிடக்கு, தரை என்ன நிறம். ஜன்னல் எந்தப் பக்கம், மதியம் பன்னெண்டு மணிக்கு வெயில் எங்கே விழுது. வாசல்ல எத்தனை படி. அப்பா டம்ளரை எந்தக் கையால எடுப்பார். இதெல்லாம் அளந்து எழுது. குத்துமதிப்பா எழுதாதே. மருந்து அளக்கற மாதிரி அள.

நான் வரல. ஆனா அந்த மேஜையை நான்தான் போடப்போறேன். உன் கையால.

அண்ணி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணிக்கு,

அளவுகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மாமா தூங்கும்போது அளந்தேன். ரூம் கதவிலிருந்து மேஜைக்கு இருபத்து மூன்றடி. நடுவில் ஒரு திருப்பம், அங்கே செருப்பு அலமாரி. தரை சாம்பல் நிறம். ஜன்னல் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, பன்னிரண்டு மணிக்கு வெயில் முகத்திலேயே விழும். படி மூன்று, மூன்றும் தரை நிறமே. டம்ளர் வலது கை.

ஒரு நிபந்தனை இருக்கிறது. நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், நான் சரி என்றேன். வருகிறவர்களுக்கும் தெரியக் கூடாது. "இது பார்வை இல்லாதவருக்காகப் போட்டது" என்று யாருக்காவது தோன்றினால் அவர் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டார்.

உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் தனியாக மைக் செட் கட்டவேண்டிய அவசியம் இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியம்தானா? பேசாமல் விருந்தே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்காரி


ஆகஸ்ட் 29

மருந்துக்காரிக்கு,

நடக்கும். நடக்காம எங்கே போகும்?

அலங்காரத்துக்கு ஒரு கரு வேணும். பூந்தோட்டம், கடற்கரை, பனிக்காலம்னு எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா, அதுக்குள்ள என்ன வெச்சாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதுதான் இந்தத் தொழிலோட சூட்சுமம். நம்ம கரு என்ன தெரியுமா? பஸ். அப்பா கடைசி வரைக்கும் ஓட்டின பதினேழாம் நம்பர் பஸ்.

பஸ்ஸை நல்லா நினைச்சுப் பாரு. படி விளிம்புல மஞ்சள் பட்டை இருக்கும். பிடிச்சுக்கக் கம்பி இருக்கும். போர்டுல எழுத்து எட்ட நின்னாலும் தெரியற மாதிரி பெருசா இருக்கும். கண் சரியாத் தெரியாதவங்களுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் பஸ்ல ஏற்கெனவே இருக்கு. அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தா அலங்காரம். பார்க்கறவங்க கண்ணுக்கு அலங்காரம், அப்பாவோட கைக்கும் காலுக்கும் வழி.

இனி கவனமா படி.

வாசல் மூணு படிக்கும் விளிம்புல நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டு. ரூம் கதவுலேர்ந்து மேஜை வரைக்கும், இடுப்பு உயரத்துல, கட்டைவிரல் பருமன்ல ஒரு கயிறு. அதுல அரை அடிக்கு ஒண்ணா காகித டிக்கெட் தொங்கட்டும். பாக்கறவங்க தோரணம்னு நினைப்பாங்க. திருப்பம் வர்ற இடத்துல கயிறுல ரெண்டு முடிச்சு. செருப்பு அலமாரியை அன்னிக்கு மட்டும் இல்ல, இன்னிக்கே தூக்கிக் கடாசு.

மேஜைக்குக் கருநீல விரிப்பு. அதோட ஓரத்துக்குள்ள நாடாக் கயிறு வெச்சுத் தைக்கச் சொல்லு. கை பட்டா மேஜை எங்கே முடியுதுன்னு தெரியும். தட்டு வெள்ளையே இருக்கட்டும், ஆனா தடிச்ச விளிம்பா பாரு. கருநீலத்து மேல வெள்ளை நிலா மாதிரி நிக்கும். சோத்தை அந்தத் தட்டுல நேரா போடாதே. நடுவுல ஒரு பச்சைக் கீரைப் படுகை போட்டு அது மேல வை. டம்ளர் கனமா, மஞ்சளா, எல்லாருக்கும் ஒரே இடத்துல, தட்டுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி. அடியில ரப்பர் வளையம். நடுவுல உயரமான பூச்சாடி கூடாது, மெழுகுவத்தி கூடவே கூடாது. ஜன்னலுக்குக் கெட்டித் திரை.

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஸ்டாப் பேர் எழுதி மாட்டு. அப்பா நாற்காலி கயிறு முடியற இடத்துல. அதுல "டிரைவர்"னு மட்டும் எழுது.

தையல்காரர் இழுத்தடிப்பார். விடாதே.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. படிக்குப் பட்டை ஒட்டியாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும், கடை எங்கே என்று கேட்டார். உங்கள் தம்பி எல்லாரிடமும் "அக்கா ஐடியா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். டிக்கெட் வெட்டுவது அவர் பொறுப்பு. இருநூறு வெட்டியாகிவிட்டது, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கோபப்படுவீர்கள்.

கருநீலத் துணியைப் பார்த்ததும் அத்தைக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அவர்களுக்கு அந்த நிறம் ஆகவே ஆகாதாம். கல்யாண நாள் அவர்களுக்கும்தானே? அதனால் கரும்பச்சை வாங்கிவிட்டேன். வெள்ளைத் தட்டை வைத்து, திரையைச் சாத்தி, என் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். தட்டு தெரிகிறது. உங்களைக் கேட்காமல்தான் செய்தேன்.

இன்னொன்று. நேற்று கயிற்றைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து நின்றார். "இது என்னம்மா" என்றார். தோரணம் மாமா என்றேன். "ஓகோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "ஓகோ" எனக்கு நாள் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நாம் அவருக்கு உதவி செய்கிறோமா, அவரை ஏமாற்றுகிறோமா? வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் என்ன?

உங்கள் மருந்துக்காரி


செப்டம்பர் 16

மருந்துக்காரிக்கு,

நிறத்தை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதக் கூடாதா? பதினாலு வருஷத்துல என் மேஜையில ஒருத்தர் கை வெச்சதில்ல. மண்டபத்து முதலாளி தட்டை ஒரு அங்குலம் நகர்த்தினதுக்கே வேலையை விட்டுட்டு வந்தவ நான். படிச்சதும் மூக்கு மேல கோபம் வந்துச்சு. அப்புறம் அம்மா முகம் ஞாபகம் வந்தது. நாப்பது வருஷக் கல்யாணத்துல நான் அப்பாவுக்கு மட்டுமே மேஜை போட்டுக்கிட்டிருந்திருக்கேன். நீ ரெண்டு பேருக்கும் போட்டுட்டே. கரும்பச்சை சரி. இதை நான் ஒத்துக்கிட்டேன்னு யார்கிட்டேயும் சொல்லாதே.

ஏமாத்தறமான்னு கேக்கறே. ஒருத்தர் தன் குறையை மறைச்சு வெச்சிருந்தா, அதைத் திறந்து காட்டற உரிமை அவருக்குத்தான் இருக்கு. நமக்கு இல்ல. அவர் தானா சொல்ற வரைக்கும் முட்டிக்காம நடக்க ஒரு வழி போட்டுக் கொடுக்கறோம். அவ்வளவுதான். சொல்லணும்னு தோணினா சொல்லட்டும். தோணலேன்னா நிம்மதியா சாப்பிட்டுப் போகட்டும்.

நான் வரலையான்னு அம்மா கேட்டாங்கன்னு தம்பி இங்கே ஒருத்தர் மூலமா சொல்லி அனுப்பினான். மண்டப வேலை இருக்கு. தவிர, அவர் ஒரு வார்த்தை கூப்பிடாம நான் எப்படி வர்றது? அவருக்கு ரோஷம் இருக்குன்னா எனக்கு இருக்காதா? ரெண்டும் ஒரே கடை சரக்குதானே.

அண்ணி


செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

பதினொன்றரைக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். வாசலில் "17 - வீடு" என்று போர்டு. படியேறியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மாமாவோடு பத்தொன்பது வருஷம் ஓடிய கண்டக்டர் மாமா, கயிற்றில் தொங்கிய டிக்கெட் ஒன்றைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தையின் தங்கை, தன் நாற்காலியில் ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று எழுதியிருந்ததற்கு என்னோடு சண்டைக்கு வந்தார்கள். மாற்றிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மாமா ரூமை விட்டு வந்தார். கதவுக்கு வெளியே கை வைத்ததும் கயிறு தட்டுப்பட்டது. ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நடந்தார் பாருங்கள். தலை நிமிர்ந்து, சுவர் பக்கமே போகாமல். முடிச்சு வந்த இடத்தில் திரும்பினார். இந்த ஒரு வருஷத்தில் அவர் அவ்வளவு நேராக நடந்து நான் பார்த்ததில்லை. அத்தை என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள், இன்னும் வலிக்கிறது.

உட்கார்ந்தார். மேஜை ஓரத்தில் கையை ஒரு ஓட்டு ஓட்டினார். தட்டு, டம்ளர், எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டார். பஸ் எடுப்பதற்கு முன்னால் கியரையும் கண்ணாடியையும் தொட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி என்று கண்டக்டர் மாமா சொன்னார். சாப்பிட்டார். தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் உங்கள் தம்பி போட்டோ எடுக்கிறேன் என்று எழுந்தார். வெளிச்சம் போதவில்லை என்று, நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் திறந்துவிட்டார். வெயில் அப்படியே மாமா முகத்தில் விழுந்தது. டம்ளருக்கு நீட்டிய கை நடுவில் நின்றுவிட்டது. எல்லாரும் போட்டோவுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை காற்றில் இப்படியும் அப்படியும் போனது. பழரசம் கொட்டிய அந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து ஓடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன்.

அதற்குள் மாமா கையை மேஜை மேல் வைத்துவிட்டார். "திரையைச் சாத்துடா. நேரா வெளிச்சம் அடிச்சா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல" என்றார். அவர் நிறுத்தவில்லை. "கண்ணு போய்க்கிட்டிருக்கு. ஒரு வருஷம் ஆச்சு. உங்க யார்கிட்டேயும் சொல்லல. இந்தக் கயிறு தோரணத்துக்குக் கட்டினது இல்ல, எனக்காகக் கட்டினது. எம் பொண்ணு கட்டச் சொன்னது."

உங்கள் தம்பி திரையைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவர் வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் மாமாதான் பேசினார். எழுந்து மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். "பின்னாடி என்ன வருதுன்னு பத்தொன்பது வருஷம் நான்தானே உனக்குச் சொன்னேன், இப்ப மட்டும் என்ன?" என்றார். பிறகு ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குக் குரல் கொடுப்பது போலவே, "வலது... வலது... வரலாம்... வரலாம்... நிறுத்து" என்றார். மாமாவின் கை டம்ளரில் போய் நின்றது. மாமா சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தோம். கொஞ்சம் அழுதோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ தட்டை மாத்தி மாத்தி வெச்ச வாரமே, நீ கண்டுபிடிச்சிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சும்மா. நீ சொல்வேன்னு பாத்தேன். நீ சொல்லல, அதனால நானும் சொல்லல" என்றார். என் சமையல் மேல் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். அதை இன்னும் இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டேன்.

பிறகு உங்களைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அன்னிக்கு அவ மேல எனக்குக் கோபமே இல்ல. உக்காந்தா எது தட்டு, எது துணின்னு தெரியல. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. பயந்துட்டேன். பயமா இருக்குன்னு சொல்லத் தெரியாம அவளைத் திட்டிட்டேன். வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு எழுது."

இன்று காலை உங்கள் தம்பி கயிற்றை அவிழ்க்கப் போனார். மாமா விடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்கிறார். குளியலறைக்கு ஒன்று, கேட் வரைக்கும் ஒன்று வேண்டுமாம். எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் வர வேண்டும்.

உங்கள் மருந்துக்காரி


அக்டோபர் 3

என் மருந்துக்காரிக்கு,

ஒரு பொய்யை முதல்ல சொல்லித் தீர்த்துடறேன். 28-ஆம் தேதி மண்டப வேலை காலையில எட்டு மணிக்கே முடிஞ்சுடுச்சு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன். நம்ம ஊர் வண்டி புறப்படற வரைக்கும் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஏறல. அவர் கூப்பிடலன்னு ரோஷம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உன் கடிதத்துல அப்பா சொன்னதைப் படிச்சதும் வெக்கமாப் போச்சு. எனக்கும் பயம்தான். திரும்பவும் எல்லார் முன்னாடியும் எழுந்து போயிடுவாரோன்னு.

திரையை ஊசி போட்டு மூடித் தெச்சுடச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு, தம்பியைத் திட்டாதே. ஆனா அவன் திறந்ததும் நல்லதாப் போச்சு. அவனுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன், வந்து சொல்றேன்.

நேத்து ஒரு வீட்டுக்குப் பிறந்தநாள் மேஜை பேசப் போனேன். எப்பவும் என்ன நிறம் பிடிக்கும்னுதான் முதல்ல கேப்பேன். நேத்து, வர்றவங்கள்ல யாருக்குப் பார்வை குறைவு, யாருக்குக் காது கேக்காது, யார் இடது கைக்காரங்கன்னு கேட்டேன். அந்த அம்மா, எங்க மாமனாருக்குக் கை நடுங்கும், அதனால அவரை எப்பவும் தனியா ரூம்ல உக்கார வெச்சுத்தான் சாப்பாடு கொடுப்போம்னு சொன்னாங்க. இந்தத் தடவை அவர் மேஜையில உக்காருவார், அது என் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்தேன். போட்டுக் காட்டுவேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டியில வர்றேன். பத்து நாள் இருப்பேன். அப்பா ஸ்டாப்புக்கு வரேன்னு அடம் பிடிப்பார், விடு, வரட்டும். நீ கூட நட, கையைப் பிடிக்காதே. அவர் உன் தோளைப் பிடிச்சுக்கட்டும்.

குளியலறை, அடுப்படி, கேட், மொட்டை மாடிப் படி, எல்லாத்தையும் அப்பாவும் நானும் சேர்ந்து போடறோம். கை எங்கே போகுதுன்னு அவர் சொல்லட்டும், அங்கே என்ன இருக்கணும்னு நான் சொல்றேன். சண்டை வரும். வந்தா வரட்டும், ஒரே வீட்டுக்குள்ள இருந்து போடற சண்டைதானே.

பதினாலு வருஷமா நான் யார் வீட்டுச் சுவத்துலயும் ஒரு ஆணி அடிச்சதில்ல. எல்லாமே குண்டூசி, நூல், பசை நாடா. விசேஷம் முடிஞ்ச மறுநாள் வந்து கழட்டி, மடிச்சு, பெட்டியில போட்டுக்கிட்டு, நான் வந்துபோன தடமே இல்லாமத் துடைச்சுக் கொடுத்துட்டுப் போயிடுவேன். இது கழட்டப்போற வேலை இல்ல.

துளை போடற மெஷின் நான் கொண்டு வர்றேன். நீ ரெண்டு அங்குல ஆணி ஒரு கிலோ வாங்கி வை.

உன் அண்ணி